கண்ணாயிரத்தின் நீர்நாய்கள்

பிச்சாவரம் படகுத்துறையில் கண்ணாயிரம் யார் என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் நின்றால் போதும். எந்தப் படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குக் கேட்கிறதோ, அது கண்ணாயிரத்தின் படகு. கிள்ளையில் பிறந்து, கிள்ளையிலேயே பெண் கட்டி, ஐம்பதைத் தாண்டியும் முதுகு வளையாமல் துடுப்பு போடுகிற மனிதர். கை வலிக்கிறது என்று அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. வாய் வலிக்கிறது என்று சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது.

சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் வேரை இறக்கி நிற்கிற சின்ன வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் துடுப்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒரு கிளையைக் காட்டுவார்.

"இதைப் புடிச்சிக்கினுதான் சார் அந்தப் பாட்டுல ஹீரோ தொங்குவாரு."

எந்தப் பாட்டு, எந்த ஹீரோ என்பது உட்கார்ந்திருப்பவர்களின் வயதைப் பொறுத்தது. தலை நரைத்தவர்கள் என்றால் கறுப்பு வெள்ளைப் படம். அண்ணாமலை நகர் காலேஜ் பிள்ளைகள் என்றால் போன வருஷம் வந்த படம். கிளை மட்டும் மாறாது. எல்லா ஹீரோக்களும் அந்த ஒரே கிளையில்தான் தொங்கினார்கள்.

ஆனால் இதெல்லாம் வெறும் தாளிப்பு. கண்ணாயிரத்தின் உண்மையான சமையல் நீர்நாய்.

படகு பெரிய வளைவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவார். "ஸ்ஸ்... யாரும் அசையாதீங்க. அதோ அந்த வேருக்குக் கீழ... தல தெரியுது பாருங்க... அடடா, முழுவிடுச்சி சார். செத்த முன்னால திரும்பியிருந்தா பாத்திருக்கலாம்."

படகே அந்தப் பக்கம் சாயும். தண்ணீரில் ஒரு வளையம் விரிந்துகொண்டிருக்கும். மடவை மீன் துள்ளினாலும் அந்த வளையம்தான் விரியும் என்பதை அவர் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக அந்த நீர்நாயின் குடும்ப விவகாரத்தை ஆரம்பித்துவிடுவார். ஆண் நீர்நாய்க்கு ஒரு கால் நொண்டி. நண்டு கடித்ததால் வந்தது. பேர் பொன்னுரங்கம். சரியான சோம்பேறி. பெண்டாட்டி மீன் பிடித்து வந்து வாயில் வைத்தால்தான் தின்னும்.

பொன்னுரங்கம் என்பது அடுத்த படகில் துடுப்பு போடுகிற அவருடைய சொந்த மச்சான். மனைவி தைலம்மாளின் தம்பி. முதல் முறை இதைக் காதில் வாங்கியபோது பொன்னுரங்கத்துக்கு வந்த கோபத்தில் இரண்டு படகும் முட்டிக்கொள்ளப் பார்த்தன. பிறகு அவர் யோசித்தார். கதை நன்றாகத்தான் இருந்தது. அன்று முதல் தன் படகில் அவரும் அதையே சொல்ல ஆரம்பித்தார். அவருடைய படகில் அந்த நொண்டி நீர்நாயின் பேர் கண்ணாயிரம். மற்றபடி ஒரு எழுத்து மாறாது.

இப்படியே கதைக்குக் கைகால் முளைத்தது. டீக்கடை, நண்டு பிடிக்கிறவர்கள், சிதம்பரம் ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நொண்டி நீர்நாயைத் தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது.

கண்ணாயிரம் நிஜமாகவே நீர்நாயைப் பார்த்திருக்கிறாரா? நியாயமான கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், தூரத்தில் எதுவோ ஒன்று தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிவிட்டு மறைந்தது. அது நீர்நாயா, மிதந்து வந்த கட்டையா என்பது அவருக்கே நிச்சயமில்லை. அந்தக் கட்டைக்குத்தான் இத்தனை வருஷமாகப் பெண்டாட்டி கட்டிவைத்து, காலை நொண்டியாக்கி, குடும்பம் நடத்தவிட்டிருந்தார்.

அவருடைய ஒரே மகள் அனுப்பிரியா சின்னப் பிள்ளையில் இதை முழுசாக நம்பினாள். பள்ளிக்கூடத்தில், பார்த்த மிருகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது நொண்டி நீர்நாயைப் பற்றி எழுதினாள். வாத்தியார் அந்தப் படகில் போய்வந்தவர். "ஏம்மா, இதை உங்கப்பா எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்றோடு அப்பாவின் வளைவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் நீர்நாய் மனசை விட்டுப் போகவில்லை. அண்ணாமலை நகரில் விலங்கியல் சேர்ந்தாள், முதுகலையும் முடித்தாள். இல்லாத மிருகத்தைக் காட்டிக் காட்டியே பெண்ணை விலங்கியல் படிக்கவைத்த தகப்பன் கடலூர் ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த வருஷம் அவளுடைய பேராசிரியை சத்யப்பிரியா மேடத்தின் ஆராய்ச்சியில் அனுவுக்கு வேலை கிடைத்தது. வேலை என்ன தெரியுமா? இந்தக் காட்டில் நீர்நாய் இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிப்பது. இருக்கிறது என்று நிரூபித்தால் ஆராய்ச்சி மேற்கொண்டு தொடரும், அவளுடைய பி.எச்டி.யும் அதிலேயே நடக்கும். இல்லையென்றால் பங்குனியோடு மூட்டை கட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

செய்தியைக் கேட்டதும் கண்ணாயிரம் தலைகால் புரியாமல் குதித்தார். "என் படகுலயே வந்துடும்மா. ஒரு பைசா வாணாம்."

"நீ வாணாம்ப்பா. நான் லூர்துசாமி மாமா படகுல போறேன்."

"அவன் வாயத் தொறக்கவே மாட்டானே!"

"அதுக்குத்தான்."

கண்ணாயிரத்துக்கு முகம் செத்துப்போயிற்று. இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல், மகள் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அனு முறையாகத்தான் ஆரம்பித்தாள். முதலில் ஊர்க்காரர்களிடம் பேசி செல்போனில் பதிவு செய்தாள். நீர்நாயைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பார்த்ததில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்திருந்தார்கள். எங்கே என்று கேட்டால் எல்லாரும் பெரிய வளைவைக் காட்டினார்கள். அவளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஆட்கள் இல்லாதபோது தானாகவே படம் எடுக்கிற கேமராக்களை அந்த வளைவிலேயே மரத்துக்கு மரம் கட்டினாள். வாரக்கணக்கில் காத்திருந்ததில் படத்தில் நரி விழுந்தது, நாரை விழுந்தது, நண்டுகள் ஏராளமாக விழுந்தன. ஒரு படத்தில் பொன்னுரங்கம் மாமா அவசரமாக ஒதுங்குகிற காட்சியும் விழுந்திருந்தது. நீர்நாய் மட்டும் விழவில்லை.

சரி, ஊர்க்காரர்கள் சொன்னதையாவது கேட்போம் என்று மேடம் தன் அறையில் உட்கார்ந்து பதிவுகளைப் போடச் சொன்னார். முதல் ஆள் சொன்னார்: "ரெண்டு இருக்கும்மா. ஆம்பளைக்கு ஒரு கால் நொண்டி." மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நுணுக்கமான சாட்சி கிடைப்பது அபூர்வம். இரண்டாவது ஆளும் நொண்டி என்றார். மூன்றாவது, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற பெண். அவரும் நொண்டி என்றார்.

"அனு, இந்தக் காட்ல எல்லா நீர்நாயும் நொண்டியா?" என்றார் மேடம்.

அனு பதில் சொல்வதற்குள் நான்காவது ஆள் பேச ஆரம்பித்தார். "பொண்டாட்டி புடிச்சாந்து குடுத்தாத்தாம்மா துன்னும். பேரு பொன்னுரங்கம்."

அனு செல்போனை அணைத்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடம் கோபப்படவில்லை. இத்தனை பேர் சொன்னதும் ஒரே வாயிலிருந்து வந்தது, இதில் ஒன்றையும் சேர்க்க முடியாது, மாசக் கடைசிக்குள் ஒரு படமாவது கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுதி முடித்துவிட வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையை இறக்கி வைக்காமலே அப்பா முன்னால் நின்றாள்.

"இந்தக் காட்டுல ஒரே ஒரு நொண்டி நீர்நாய்தான்ப்பா இருக்கு. அதுவும் உன் வாயிலதான் இருக்கு."

நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கண்ணாயிரம் முதலில் அசடு வழிந்தார். அப்புறம் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். மகளின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த பிறகு இரண்டும் வரவில்லை.

மீன் கழுவிக்கொண்டிருந்த தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொந்தமா லாஞ்ச் ஓட்றேன்னு எங்கப்பாகிட்ட சொன்ன ஆளாச்சே. நாந்தான் சிரிச்சிட்டு உட்டுட்டேன். இப்ப அவ தலயில வெடிஞ்சிருக்கு."

மறுநாள் கண்ணாயிரம் ஒரு முடிவோடு கிளம்பினார். விதைத்தவரே பிடுங்கிப் போடுவது என்று தீர்மானம். நேராக ராஜாமணியின் டீக்கடைக்குப் போய், "இந்தா பாரு ராஜாமணி, நீர்நாயப் பத்தி நான் சொன்னது பூரா பொய்யி" என்றார்.

ராஜாமணி டீயை ஆற்றிக்கொண்டே கண்ணடித்தார். "ஃபாரஸ்ட்காரங்க அப்பிடி சொல்லச் சொன்னாங்களா? நான் யாருகிட்டயும் மூச்சு உட மாட்டேண்ணே."

அங்கே வேலைக்கு ஆகாது என்று நண்டு பிடிக்கிற சடையப்பனிடம் போனார். சடையப்பன் சீறினார். "நீ பாக்கலன்னா போ. நான் எங்கண்ணால பாத்திருக்கேன். நொண்டிக்கினுதான் போச்சி."

"யோவ், அதோட கால நொண்டியாக்கினதே நான்தான்யா!"

சடையப்பனின் முகம் மாறியது. "அடப்பாவி! அடிச்சது நீதானா? வாயில்லா ஜீவனய்யா அது!"

பொழுது சாய்வதற்குள், கண்ணாயிரம் துடுப்பால் அடித்து நீர்நாயின் காலை உடைத்த விஷயம் கிள்ளை கடைவீதிவரை போய்விட்டது. வனக்காவலர் ஸ்ரீதர் நல்ல மனிதர். தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போய், "என்னாண்ணே இது, ஒரு மாதிரி பேச்சு வருது?" என்று விசாரித்தார். பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது கேஸ் வரும் போலிருந்தது. கண்ணாயிரம் யோசித்துப் பார்த்தார். இனிமேல் பேசாமல் இருப்பதுதான் ஊருக்கும் மகளுக்கும் தான் செய்யக்கூடிய ஒரே நன்மை என்று அவருக்குப் பட்டது.

பேசாமல் இருந்தார். கிளையைக் காட்டவில்லை, ஹீரோவைத் தொங்கவிடவில்லை. துறையில் அவருக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பேசிக்கொண்டார்கள். "என்னா மச்சான், பல்லு செட்டு கட்டிக்கினியா?" என்று பொன்னுரங்கம் கேட்டபோதும் துடுப்பை மட்டும் போட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி அவர் படகில் ஏறினார்கள். வரும் வழியிலேயே இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம். அவன் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு நாளாக இருந்தால் கண்ணாயிரம் இரண்டு கதை சொல்லிச் சேர்த்துவைத்திருப்பார். அன்றைக்கு மூன்று பேரும் ஊமைகளாக, பெரிய வளைவு வரைக்கும் போகாமல், யாரும் அதிகம் போகாத ஒரு சின்ன வாய்க்காலுக்குள் போனார்கள். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

இரண்டு தில்லை மரங்கள் சாய்ந்து நிற்கிற இடம். சேற்றுக் கரையில் என்னவோ அசைந்தது.

பழுப்பு நிறம். ஈரத்தில் மினுமினுக்கிற உடம்பு. வாயில் மீனோடு ஒன்று ஏறியது. பின்னாலேயே இன்னும் சில ஏறின. ஒன்று சேற்றில் புரண்டது. மீனை வைத்திருந்தது தலைப்பக்கத்திலிருந்து நறநறவென்று கடித்துத் தின்றது. தின்றுகொண்டே நிமிர்ந்து கண்ணாயிரத்தைப் பார்த்தது. மீசை முடியெல்லாம் தெரிந்தது.

இத்தனை வருஷமாக அவை இங்கேதான் இருந்திருக்கின்றன. அவர் வாய்ச்சத்தம் கேட்டதும் தண்ணீருக்குள் போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

அதோ பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. செல்போன் இடுப்பில் இருந்தது. தண்ணீர் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார். பை சரசரத்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி நிமிர்ந்தபோது கரையில் வெறும் சேறு. பண்ருட்டிப் பையன் இன்னும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் இடத்தில் வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்கமாட்டார். போதாக்குறைக்கு அனு கூடத்தில் உட்கார்ந்து, கழற்றிக்கொண்டு வந்த கேமராக்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் மேடத்திடம் ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அவள் இல்லை என்று எழுதிவிடுவாள். சொன்னால், இந்த நேரத்திலும் அப்பாவுக்குப் புத்தி வரவில்லையே என்று வெறுத்துவிடுவாள்.

"அனு."

"என்னாப்பா."

"இன்னைக்கு ஒண்ணு பாத்தேன்."

அவள் தலையைத் தூக்கவில்லை. கேமராவின் பட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தில்ல மரம் ரெண்டு சாஞ்சிருக்குமே, அந்த சின்ன வாய்க்கால்ல. சேத்துல ஏறிச்சி. நீர்நாயின்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" அவள் கை நின்றது. "எத்தினி இருந்துச்சி?"

"சரியா எண்ணலம்மா. மூணு இருக்கும். நாலும் இருக்கலாம்."

"எது ஆம்பள, எது பொம்பள?"

"தெரியல."

"குட்டி இருந்துச்சா?"

"அதுவும் தெரியல."

"என்னாதான் பண்ணிச்சி?"

"ஒண்ணும் பண்ணல. மீன் துன்னுச்சி. ஒண்ணு பொரண்டுச்சி. அப்புறம் போயிடுச்சி."

அனு எழுந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"நொண்டிச்சாப்பா?"

"இல்லம்மா" என்றார் கண்ணாயிரம். "எல்லாத்துக்கும் நாலு காலும் நல்லாத்தான் இருந்துச்சி."

பிறந்ததிலிருந்து அப்பா சொல்லி இவ்வளவு உப்புச்சப்பில்லாத கதையை அவள் கேட்டதில்லை. ஒரு பேர் இல்லை, ஒரு சண்டை இல்லை, தலையும் இல்லை, வாலும் இல்லை. அனு பெட்டியைத் திறந்து அடுக்கிய கேமராக்களைத் திரும்ப வெளியே எடுத்தாள். மேடத்துக்குப் போன் போட்டு இன்னும் நாலு நாள் வேண்டும் என்று கேட்டாள். தைலம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த மனுசன் சொன்னதயா நம்புற?" என்றாள். அனு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

படம் விழுந்தது. ஒன்றல்ல, வரிசையாக விழுந்தது. ஒரு படத்தில் நீர்நாய் கேமராவையே மோந்து பார்த்ததில் மூக்கும் மீசையும் மட்டும் திரை முழுக்க இருந்தது. மேடம் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி கைதட்டினார். இடத்தை மட்டும் வெளியே சொல்லக்கூடாது என்றார். தெரிந்தால் மறுநாளே படகுகள் வரிசை கட்டும், அவை இடத்தைக் காலி செய்துவிடும். அனு வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னாள். "யாருக்கும் தெரியக் கூடாதுப்பா. அம்மாவுக்குக்கூட." கண்ணாயிரம் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார். வாழ்நாளில் முதல் முறையாக நிஜமான நீர்நாய் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லக்கூடாது என்றால் அந்த மனுஷன் எங்கே போவார்?

அடுத்த மாசம் படகுக்காரர்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் அண்ணாமலை நகருக்கு அழைத்து, காட்டைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். அனு படங்களைக் காட்டிப் பேசினாள். முதலில் பார்த்தது யார் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"கண்ணாயிரம். எங்கப்பா" என்றாள் அனு.

மண்டபம் குலுங்கச் சிரித்தது. ராஜாமணிக்குப் புரையேறிவிட்டது. பொன்னுரங்கம் எழுந்தே நின்றுவிட்டார். "உங்கப்பன் சொல்லியாம்மா நம்பின?"

"ஆமா மாமா, நம்பினேன்."

"அப்பிடின்னா எந்த வாய்க்கால்னு அவரே சொல்லட்டும். என்னா மச்சான், எங்க பாத்த?"

எல்லாத் தலைகளும் கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பின. இப்படி ஒரு கூட்டம் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்ததே இல்லை. மேடையில் அனு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாயிரம் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"சொல்ல மாட்டேன் மச்சான்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதற்கும் சிரித்தார்கள். அனு சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தாள். "நாளைக்குத் தண்ணி ஏறும்போதே கெளம்பணும்ப்பா. இனிமே உன் படகுதான்" என்றாள். கண்ணாயிரம் சரிம்மா என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த டீயைக் குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கிள்ளையைத் தாண்டி முட்லூர் வரை போகிற ஆள், பாவம். கிள்ளையில் இறங்குகிறவரைக்கும் கண்ணாயிரம் அவரைக் கண்மூட விடவில்லை. மகள் படித்த படிப்பு, வாங்கின மார்க், மேடம் கைதட்டியது, மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசின அழகு என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் அந்த மனிதர் தப்பிக்கிற எண்ணத்தில், "அப்பிடி என்னாத்தத்தான் ஆராய்ச்சி பண்ணுது உங்க பொண்ணு?" என்று கேட்டார்.

"அது என்னாமோ, தண்ணியில கெடக்குற ஏதோ ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, கண்ணாயிரம் மறுபடி மார்க்கிலிருந்து ஆரம்பித்தார்.